திரை நம் கையில்; மரக்கால் யார் கையில்?

சட்டைப்பையிலே ஒரு கொட்டகை! சாப்பாட்டுத் தூக்கோடு ஆலைக்குப் போகும் தோழனின் சட்டைப்பையிலே, இன்று ஒரு சினிமாக் கொட்டகை இருக்கிறது. ஒரு நாடக மேடை இருக்கிறது. ஒரு வானொலி நிலையம் இருக்கிறது. அவனே இயக்குநராய், அவனே நடிகனாய், அவனே நிலைய அதிகாரியாய் இருந்து நடத்தக்கூடிய தொலைக்காட்சி நிலையம் ஒன்றும் இருக்கிறது. ஐந்து விரலுக்குள் அடங்கும் செல்போன், அந்நாளில் அரண்மனைவாசிகளுக்கும் கிட்டாத வாய்ப்பை, ஆட்டோ ஓட்டும் தோழனுக்கும் தறி ஓட்டும் தோழனுக்கும் தந்திருக்கிறது.

மகிழ்கிறோம், மனமார மகிழ்கிறோம். ஆனால், மகிழ்ச்சியிலே மயங்கிக் கணக்கை மறந்துவிடலாமா?

களத்துமேட்டை அறிந்தவர்கள் நம்மவர்கள். விதைத்தவன் ஒருவன், நட்டவள் ஒருத்தி, அறுத்தவர் பலர். ஆனால் நெல்லை அளந்த மரக்கால் மட்டும் பண்ணையார் வீட்டு மரக்கால்! மரக்காலின் வயிறு பெருத்தது. உழவனின் வயிறு சிறுத்தது. விளைச்சல் குறைந்ததால் வந்த வறுமையைவிட, அளவை தெரியாததால் வந்த வறுமை கொஞ்சமா?

இதோ, ஒரு புதிய களம். ஓடிடி என்கிறார்கள்—மூன்றெழுத்து. இணையத்தின் வழியே, வேண்டிய நேரத்தில் வேண்டியதைப் பார்க்கும் தொலைக்காட்சி. இந்தக் களத்திலும் மரக்கால் உண்டு. நாம் பார்க்கும் நிமிடம் அளக்கப்படுகிறது. நாம் செலவிடும் டேட்டா அளக்கப்படுகிறது. நாம் படைத்துப் போடும் காட்சியும் அளக்கப்படுகிறது. அளப்பவர் யார்? எதைக் கொண்டு அளக்கிறார்? அளந்ததில் நமக்கு எவ்வளவு? இவற்றைத் தெரிந்துகொண்டு களத்தில் இறங்குவோம் என்பதே நாம் சொல்ல வந்தது.

பேசியவர் சிலர், கேட்டவர் பலர்

1924-ஆம் ஆண்டு சென்னையிலே ஆர்வலர் சிலர் கூடி வானொலிக் கழகம் ஒன்று அமைத்து ஒலிபரப்பினர். வானொலி பின்னர் அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. 1975-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிற்று. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் சன் தொலைக்காட்சி வந்தது; தமிழிலே தனியார் ஒளிபரப்பு வேரூன்றியது. ஒவ்வொன்றும் ஒரு வளர்ச்சிதான், மறுப்பாரில்லை. எனினும், மூன்றிலும் ஏற்பாடு ஒன்றே. பேசுகிறவர் சிலர், கேட்கிறவர் பலர். நிலையத்தார் எட்டு மணிக்குப் போட்டால் எட்டு மணிக்குப் பார்க்க வேண்டும். இரவு ஷிப்டுக்குப் போன தோழனுக்கு, அந்த எட்டு மணி என்றைக்கும் கிட்டாத எட்டு மணி!

இந்த ஏற்பாட்டை உடைத்தது, பத்தொன்பதே விநாடி ஓடிய ஒரு சிறு காட்சி. 2005-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், யூடியூபைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஜாவெத் கரீம், அமெரிக்காவின் சான்டியாகோ விலங்குக்காட்சிச் சாலையில் யானைகளின் முன்னே நின்று, அவற்றின் தும்பிக்கை நீளமானது என்று சொன்னார். அதுதான் யூடியூபில் ஏறிய முதல் காட்சி. அரிய காட்சியா? இல்லை. ஆராய்ச்சிக் கருத்தா? அதுவும் இல்லை. அனுமதி கேட்காமல், நிலைய அதிகாரியின் வாசலில் நிற்காமல், ஒரு மனிதன் உலகத்திற்குக் காட்டினான் என்பதே அதன் சிறப்பு. அடுத்த ஆண்டே, 2006-இல், கூகுள் நிறுவனம் 165 கோடி டாலர் கொடுத்து யூடியூபை வாங்கிற்று. யானையைக் காட்டியவர் இளைஞர். யானை விலை கொடுத்து வாங்கியவர் பெருமுதலாளி!

நம் நாட்டிலே 2016-ஆம் ஆண்டு திருப்பு முனை. சனவரியில் நெட்ஃபிளிக்ஸ் வந்தது. செப்டம்பர் 5-இல் ஜியோ தொடங்கி, டேட்டாவின் விலை சரிந்தது. டிசம்பரில் அமேசான் பிரைம் வீடியோ வந்தது. பிறகு வந்தது கொரோனா. கொட்டகைகள் பூட்டப்பட்டன. 2020-ஆம் ஆண்டு மே 29-இல் 'பொன்மகள் வந்தாள்' கொட்டகையைத் தொடாமலே வீட்டுக்கு வந்தது; நவம்பரில் 'சூரரைப் போற்று' வந்தது; 2021 நவம்பரில் 'ஜெய் பீம்' வந்தது. காவல் நிலையத்தில் ஓர் இருளர் இளைஞனுக்கு நேர்ந்த கொடுமையை, கொட்டகை வாசலையே மிதிக்காத தாய்மார்கள் கூடத்தில் அமர்ந்து பார்த்தார்கள், கண்ணீர் விட்டார்கள், கேள்வி கேட்டார்கள். இந்தத் திரைக்கு அவ்வளவு வலிமை உண்டு. ஆகவேதான், விளையாட்டுப் பொருளென்று இதை விட்டுவிடக் கூடாது என்கிறோம்.

பார்க்கப் போகும் தோழனுக்கு

முதலில் இது எப்படி நடக்கிறது என்று அறிவோம். கொட்டகையிலே படச்சுருள் பெட்டி முழுவதும் வந்து சேர்ந்தால்தான் மணி அடிப்பார்கள். இங்கே அப்படியன்று. ஒரு படத்தைச் சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் மங்கலாக, நடுத்தரமாக, மிகத் தெளிவாகப் பல தரங்களில் ஆக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு துண்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த துண்டு வந்து காத்திருக்கும். இணைப்பு வேகமாக இருந்தால் தெளிவான துண்டை நம் செல்போன் கேட்டு வாங்கும். இணைப்பு தளர்ந்தால் மங்கலான துண்டைக் கேட்கும். பேருந்திலே போகும்போது படம் சில நேரம் மங்கிப் பிறகு தெளிவது இதனால்தான். துண்டு வந்து சேரவில்லையென்றால், நடுவிலே அந்த வட்டம் சுற்றிக்கொண்டு நிற்கும். நம் பொறுமையும் சுற்றும்!

இந்தக் களத்தில் பார்வையாளனை அளக்க மூன்று மரக்கால்கள் உண்டு.

முதல் மரக்கால், டேட்டா. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே சொல்லும் கணக்கு இது: சாதாரணத் தரத்தில் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபி வரை, எச்.டி. தரத்தில் 3 ஜிபி வரை. அதனினும் உயர்ந்த 4கே தரத்தில் 7 ஜிபி வரை செலவாகும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி கிடைக்கும் ரீசார்ஜ் போட்டிருக்கும் தோழன், எச்.டி.யில் பார்த்தால் அரை மணி நேரத்திலேயே பை காலியாகலாம்! சாதாரணத் தரத்தில் பார்த்தால் ஒன்றரை மணி நேரம் வரும். ஐந்தங்குலச் செல்போனில் இரண்டு தரத்துக்கும் பெரிய வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே, எந்தச் செயலியைத் திறந்தாலும் முதல் வேலை, அமைப்புப் பகுதிக்குப் போய்க் காட்சித் தரத்தைக் குறைத்து வைப்பது. வைஃபை கிடைக்கும் இடத்தில் படத்தை இறக்கி வைத்துக்கொண்டு, வழியிலே பார்ப்பது இன்னும் சிக்கனம். வீட்டில் பழைய தொலைக்காட்சிப் பெட்டிதான் இருக்கிறதா? அதன் முதுகிலே எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால், விரலளவுள்ள ஸ்டிக் ஒன்றைச் செருகினால் போதும். புதுப் பெட்டி வாங்கிக் கடன்பட வேண்டியதில்லை.

இரண்டாவது மரக்கால், பணம். 2019-இல் செல்போனுக்கு மட்டுமென்று மாதம் 199 ரூபாய்க்குத் திட்டம் தந்த நெட்ஃபிளிக்ஸ், 2021 டிசம்பரில் அதை 149 ரூபாயாக்கிற்று. 'நூற்றைம்பது ரூபாய்தானே!' என்று தோன்றும். அதிலே ஒன்று, இதிலே ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று நாலைந்து சேர்ந்தால்? மளிகைக் கடைச் சிட்டையைவிட நீளமாகிவிடும். நாம் சொல்லும் வழி எளிது. ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. சேர்ந்த மாதத்தில் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, நிறுத்திவிட்டு, அடுத்ததற்குப் போவது.

இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது, தோழர்களே! 'முதல் மாதம் இலவசம்' என்பார்கள். அட்டை எண்ணையோ யுபிஐ அனுமதியையோ கேட்பார்கள். இரண்டாம் மாதத்திலிருந்து தானாகப் பணம் பிடிபடும். செல்போனிலிருந்து செயலியை நீக்கிவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று நம்புவோர் பலர். நிற்காது! செயலியை நீக்குவது, கடன்காரன் வரும்போது கதவைச் சாத்திக்கொள்வது போல. கடன் அப்படியே இருக்கும். கணக்குக்குள் போய்ச் சந்தாவை நீக்க வேண்டும். யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியில் உள்ள அனுமதியையும் நீக்க வேண்டும். 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படித் தானாகப் பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாகவே செய்தி அனுப்பியாக வேண்டும். அந்தச் செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். சேர்வதை எளிதாக்கி விலகுவதைக் கடினமாக்கும் சந்தாக் கண்ணியை, 2023 நவம்பர் 30-இல் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டு நெறிகள் தவறான நடைமுறை என்று வகைப்படுத்தியிருக்கின்றன. சட்டம் நம் பக்கம் ஓரடி வந்திருக்கிறது. நாமும் ஓரடி வைக்க வேண்டாமா?

மூன்றாவது மரக்கால், நேரம். மற்ற இரண்டைவிடவும் பெரியது இதுதான். 'யூடியூப் இலவசம்' என்கிறோம். இலவசமா? நம் கண்ணை விளம்பரத்தின் முன்னே கொண்டுபோய் நிறுத்தி, அதற்கு விளம்பரக்காரரிடம் விலை வாங்குகிறார்கள். ஒரு காட்சி முடிந்ததும் அடுத்த காட்சி தானாக ஓடத் தொடங்குவது நம்மீது கொண்ட அன்பினாலா? நாம் எதைப் பார்த்தோம், எங்கே நிறுத்தினோம், எதைத் தள்ளினோம் என்பதையெல்லாம் குறித்துக்கொண்டு, அடுத்து எதை நீட்டினால் எழுந்து போகமாட்டோம் என்று கணக்கிடுகிறது எந்திரம். எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேர உறக்கம் என்று உலகத் தொழிலாளர் போராடிப் பெற்ற ஓய்விலேதான் இந்த எந்திரம் கை வைக்கிறது. உறக்கத்திலும் ஒரு பங்கு கேட்கிறது! தானாக ஓடுவதை நிறுத்தும் பொத்தான் யூடியூபிலும் உண்டு, நெட்ஃபிளிக்ஸிலும் உண்டு. அதை நிறுத்தி வைத்துவிட்டு, 'அடுத்தது எது?' என்பதை நாமே முடிவு செய்வோம்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் இன்னும் ஒரு வேலை. 2021 பிப்ரவரி 25-இல் வந்த மத்திய அரசின் விதிகளின்படி, ஓடிடி படைப்புகளுக்கு யு, 7 வயதுக்கு மேல், 13-க்கு மேல், 16-க்கு மேல், வயது வந்தோருக்கு மட்டும் என்று ஐந்து வகைக் குறியீடுகள் உண்டு. 13-க்கு மேற்பட்ட வகைகளுக்குப் பெற்றோர் பூட்டு வசதி தந்தாக வேண்டும். பூட்டைத் தருவது நிறுவனத்தின் கடமை; பூட்டுவது நம் கடமை.

படைக்கப் போகும் தோழனுக்கு

'பார்ப்பதோடு நின்றால் போதாதா? நாம் என்ன நடிகரா, பாடகரா?' என்று தயங்குகிற தோழர்கள் உண்டு. அவர்களுக்கு நாம் காட்டுவது புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தை.

அங்கே வயல்வெளியில், விறகடுப்பு மூட்டி, அம்மியில் மசாலா அரைத்து, பெரிய சட்டியில் சமைத்து, ஊராருக்கும் முதியோருக்கும் பரிமாறுவதைப் படமெடுத்து, 2018-இல் யூடியூபில் போடத் தொடங்கினார்கள் ஒரு குடும்பத்து இளைஞர்கள். முன்னே நின்று சமைப்பவர் பெரியதம்பி என்னும் முதியவர். நட்சத்திரம் இல்லை, நகரத்து ஸ்டுடியோ இல்லை, ஆங்கிலம் இல்லை. 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்ற அந்த அலைவரிசை, 2021-இல் ஒரு கோடிச் சந்தாதாரரைத் தாண்டிய முதல் தமிழ் யூடியூப் அலைவரிசை ஆயிற்று. அந்த ஜூலையிலேயே முதலமைச்சரின் நிவாரண நிதிக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். வயலும் அடுப்பும் அவர்களின் ஸ்டுடியோ. கைப்பழக்கமே அவர்களின் முதலீடு.

நமக்கு மட்டும் கைப்பழக்கம் இல்லையா? தறியிலே அறுந்த இழையை நொடியில் முடிகிற கை, எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற கை, தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி கட்டுகிற கை, பறையைக் காய்ச்சி முழக்குகிற கை—இவை அறிந்தது எந்தப் பாடநூலில் இருக்கிறது? தெரியாததைக் காட்டித் திண்டாட வேண்டாம். தெரிந்ததைத் தெளிவாகக் காட்டினால் போதும்.

தொடங்குவதற்கு வேண்டியவை மிகச் சில. கூகுள் கணக்கு ஒன்று. கைபேசி எண்ணைக் கொடுத்து அதை உறுதிசெய்தல். உறுதிசெய்யாவிட்டால் 15 நிமிடத்துக்கு மேற்பட்ட காட்சியை ஏற்ற முடியாது. முகப்புப் படத்தையும் நம் விருப்பம்போல் வைக்க முடியாது. பெரிய திரைக்கும் பொருந்தும் காட்சியானால் செல்போனைக் கிடையாகப் பிடியுங்கள். சிறு காட்சியான ஷார்ட்ஸ் ஆனால் நெடிதாகப் பிடியுங்கள். 2024 அக்டோபர் முதல் அது மூன்று நிமிடம் வரை போகலாம். வெளிச்சம் முகத்தின் முன்னே இருக்கட்டும்; சன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் கருப்பாகிவிடும்.

ஒலிக்கு முதலிடம் கொடுங்கள். படம் சற்று மங்கினாலும் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு கேட்கவில்லையென்றால் அடுத்த நொடியே போய்விடுவார்கள். கூட்டம் நடத்திப் பழகிய நமக்கு இதைச் சொல்ல வேண்டுமா? ஒலிபெருக்கி கரகரத்தால் கூட்டம் கலையும் அல்லவா? கேமராவுக்கு ஆயிரமாயிரமாகக் கொட்டுவதற்கு முன், சட்டைக் காலரில் குத்தும் சிறு மைக் ஒன்று வாங்குங்கள். பேச்சைச் சுற்றி வளைக்காமல் முதல் சில விநாடியிலேயே சொல்ல வந்ததைச் சொல்லுங்கள். தலைப்பிலே, எந்தச் சொல்லைத் தட்டி மக்கள் தேடுவார்களோ அந்தச் சொல் இருக்கட்டும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. பின்னணிக்குச் சினிமாப் பாட்டைப் போட்டுவிடாதீர்கள். பாட்டின் உரிமையாளரை எந்திரமே கண்டுபிடித்துவிடும். வருவாய் அவருக்குப் போகும், அல்லது காட்சி தடுக்கப்படும். உரிமை மீறலுக்காக 90 நாளுக்குள் மூன்று எச்சரிக்கை வந்தால் அலைவரிசையே போய்விடும். பாடியவனுக்கும் கூலி உண்டல்லவா? யூடியூபே தரும் இலவச இசைத் தொகுப்பு இருக்கிறது. அதைவிட நல்லது, நம் ஊர்க் கலைஞனைக் கேட்டு அவன் அனுமதியோடு அவன் இசையைச் சேர்ப்பது.

குடிவாரம் எவ்வளவு?

இனி, கூலிக் கணக்கு. காட்சி ஏற்றியவுடன் காசு கொட்டும் என்று சொல்பவன் நம்மை ஏய்ப்பவன். விளம்பர வருவாயில் பங்கு கிடைக்க வேண்டுமானால் 1,000 சந்தாதாரர் வேண்டும். அதோடு கடந்த 12 மாதத்தில் மக்கள் நம் காட்சிகளை 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் காட்சிகள் ஒரு கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். நாலாயிரம் மணி என்றால் எவ்வளவு? பத்து நிமிடக் காட்சி ஒன்றை 24,000 பேர் முழுவதும் பார்த்தால்தான் நாலாயிரம் மணி. பாதியில் எழுந்து போனால் 48,000 பேர் வேண்டும். 500 சந்தாதாரர் இருந்தால், வேறு சில நிபந்தனைகளோடு முதற்படியில் ஏறலாம். அங்கே பார்வையாளர் விரும்பித் தரும் பணம் வரும், விளம்பரப் பங்கு வராது.

பங்கு பிரிப்பு எப்படி? நீண்ட காட்சியின் பக்கத்தில் ஓடும் விளம்பர வருவாய் நூறு ரூபாய் என்றால், படைத்தவனுக்கு 55, நிறுவனத்துக்கு 45. ஷார்ட்ஸில் படைத்தவனின் பங்கு 45 விழுக்காடு. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிசெய்ய அஞ்சலில் ஓர் எண் வரும். 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்குப் பணம் வரும். அமெரிக்காவிலுள்ள பார்வையாளர் வழியே வரும் வருவாயில் அந்நாட்டு வரியும் உண்டு. உரிய படிவத்தை நிரப்பினால் இந்தியருக்கு அந்தப் பகுதிக்கு மட்டும் 15 விழுக்காடு. நிரப்பாமல் விட்டால் மொத்த வருவாயிலேயே 24 விழுக்காடு வரை பிடித்தம் ஆகலாம். படிவம் ஒன்று; பாதகம் எவ்வளவு பாருங்கள்!

குடிவாரம், மேல்வாரம் என்று நம் முன்னோர் சொன்ன கணக்கேதான் இது. உழுகிறவன் பங்கு குடிவாரம். நிலத்துக்காரன் பங்கு மேல்வாரம். ஐம்பத்தைந்து விழுக்காட்டுக் குடிவாரம் ஆறுதலாகத்தான் தெரிகிறது. ஆனால் நிலம் யாருடையது? நிபந்தனையை மாற்றும் உரிமை யாருடையது? 2017-இல், ஓர் அலைவரிசை மொத்தம் 10,000 முறை பார்க்கப்பட்டாலே விளம்பரப் பங்குக்கு விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது. 2018-ஆம் ஆண்டு தொடக்கத்தில், ஆயிரம் சந்தாதாரர், நாலாயிரம் மணி என்று அது மாறிற்று. சிறிய அலைவரிசை நடத்தியவர்கள் பலர் ஒரே அறிவிப்பில் வரப்புக்கு வெளியே நின்றார்கள்!

இதைவிடப் பெரிய இடி 2020-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் விழுந்தது. எல்லை மோதலை அடுத்து மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக் அவற்றிலே ஒன்று. அரசுக்கு அரசின் காரணம் இருக்கலாம். அது வேறு வழக்கு. நாம் பார்க்க வேண்டியது, அந்தச் செயலி ஒன்றையே நம்பி நின்ற கிராமத்துக் கலைஞர்களை. ஆண்டுக்கணக்கில் சேர்த்த ரசிகர் கூட்டம் ஓரிரவில் கைவிட்டுப் போயிற்று. கூட்டம் அவர்களுடையதாக இருந்தது; கூட்டத்தின் பெயர்ப்பட்டியல் அவர்களிடம் இல்லை. வாடகை வீட்டுச் சுவரில் ஓவியம் தீட்டிய கதை அது.

ஆகவே நாம் சொல்கிறோம்: எடுத்த காட்சியின் மூலப்படியை உங்கள் வன்தட்டில் வைத்திருங்கள். ஒரே நிறுவனத்தின் வாசலில் மட்டும் நில்லாதீர்கள். இரண்டு இடத்திலாவது ஏற்றுங்கள். பார்ப்பவரோடு நேராகத் தொடர்பு கொள்ள வழி ஒன்று, அவர்கள் இசைவோடு, வைத்திருங்கள். எவ்வளவு பார்வை, எவ்வளவு மணி, எவ்வளவு பணம் என்று மாதந்தோறும் நோட்டிலே எழுதி வையுங்கள். வருவாய் உறுதியாகும் வரை, கையிலிருக்கும் வேலையை விட்டுவிடாதீர்கள்.

மரக்காலைக் காட்டு என்றவர்கள்

தனி மனிதன் தன் கணக்கை எழுதலாம். நிலத்துக்காரனின் கணக்கைப் பார்க்க என்ன வழி? வழி காட்டியவர்கள் அமெரிக்காவின் திரைக்கதை எழுத்தாளர்கள்.

தொலைக்காட்சிக் காலத்தில், எழுதிய தொடர் மறுபடி மறுபடி ஒளிபரப்பானால் எழுத்தாளருக்கு மறுகூலி வரும். ஓடிடி வந்தது. படைப்பு கிடங்கிலே நிரந்தரமாகக் கிடக்கிறது. யார் எத்தனை முறை பார்த்தார்கள் என்பது நிறுவனத்துக்கு மட்டுமே தெரியும். மறுகூலியோ பெரும்பாலும் நிலையான ஒரு தொகை. ஆயிரம் பேர் பார்த்தாலும் ஐந்து கோடிப் பேர் பார்த்தாலும் அதே தொகை! நெல் குவிகிறது, குவியலைப் பார்க்கவே உழவனுக்கு அனுமதியில்லை!

2023-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள், சங்கத்தைச் சேர்ந்த சுமார் 11,500 எழுத்தாளர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். ஜூலை 14-இல் நடிகர் சங்கமும் இறங்கிற்று. எழுத்தாளர் போராட்டம் 148 நாள். நடிகர் போராட்டம் 118 நாள். வெயிலிலே பலகை ஏந்தி ஸ்டுடியோ வாசல்களில் நின்றார்கள். முடிவில் எழுத்தாளர் பெற்றவை என்ன? நிறுவனங்கள் தயாரிக்கும் பெரும்பொருட்செலவுப் படைப்புகள் மொத்தம் எத்தனை மணி நேரம் பார்க்கப்பட்டன என்ற கணக்கைச் சங்கத்துக்குக் காட்ட ஒப்புக்கொண்டார்கள். தொண்ணூறு நாளில் உள்நாட்டுச் சந்தாதாரரில் 20 விழுக்காட்டினர் அளவுக்குப் பார்க்கப்பட்ட படைப்புக்கு, மறுகூலியோடு பாதி கூடுதல் தொகை. செயற்கை நுண்ணறிவு எந்திரத்தை எழுத்தாளரின் இடத்தில் உட்கார வைக்கக் கட்டுப்பாடு. அதே ஆண்டு டிசம்பரில், 18,000-க்கு மேற்பட்ட படைப்புகள் பார்க்கப்பட்ட மணிக்கணக்கை நெட்ஃபிளிக்ஸ் முதன்முறையாக வெளியிட்டது.

தஞ்சைத் தரணிக்கு இது புதிய பாடமா? 1952-ஆம் ஆண்டு குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது பண்ணையார் மனம் இளகியதாலா? சங்கமாய் நின்றவர்களின் குரல் கோட்டைக்குக் கேட்டதால்! ஹாலிவுட் எழுத்தாளரும் கீழத்தஞ்சை உழவரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் இருவரும் கேட்டது ஒன்றே: 'அளப்பதை எங்கள் கண்ணெதிரே அள!'

நம் யூடியூப் தோழர்கள் தனித்தனியே நிற்கிறார்கள். ஒவ்வொருவனும் மற்றவனைப் போட்டியாளன் என்று எண்ணுகிறான். ஒரு வட்டத்தில் பத்துப் பேர் சேர்ந்தால் மைக்கும் விளக்கும் பொதுவாகும். எடிட்டிங் தெரிந்தவன் தெரியாதவனுக்குக் கற்றுக்கொடுப்பான். ஒருவனுக்கு அநியாயமாக எச்சரிக்கை வந்தால் பத்துக் குரல் எழும். அரசுகளும் வாளாவிருக்க வேண்டியதில்லை. கேரள அரசு 2024 மார்ச் 7-இல் 'சி ஸ்பேஸ்' என்ற சொந்த ஓடிடியைத் தொடங்கியது. படம் ஒன்றுக்கு 75 ரூபாய். அதில் பாதி படைத்தவருக்கு என்று அறிவித்தது. பார்ப்பவன் பார்த்ததற்கு மட்டும் கொடுக்கிறான். படைத்தவன் தன் பங்கு எவ்வளவென்று முன்கூட்டியே அறிகிறான். அதே ஆண்டு நவம்பர் 20-இல் பிரசார் பாரதி 'வேவ்ஸ்' என்ற ஓடிடியைத் தொடங்கிற்று. இவை பெருமுதலாளிகளின் யானைப்படைக்கு முன் சிறியவைதான். ஆனால், மரக்காலைப் பொதுமக்கள் கையிலும் செய்து வைக்க முடியும் என்பதற்குச் சான்றுகள்.

தோழர்களே! திரை நம் கைக்கு வந்துவிட்டது. அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. தூக்கி எறியச் சொல்லவில்லை. பாருங்கள், ஆனால் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். படையுங்கள், ஆனால் மூலப்படியைக் கையில் வைத்துக்கொண்டு படையுங்கள். பங்கு வரும்போது வாங்குங்கள். பங்கை அளந்த விதத்தைக் கேளுங்கள். தனியே கேட்டால் பதில் வராது, சேர்ந்து கேளுங்கள்.

இன்றிரவு வேலை முடிந்து வீடு திரும்பியதும் செய்ய இரண்டு காரியம் சொல்கிறோம். ஒன்று, யுபிஐ செயலியைத் திறந்து, எந்தெந்தச் சந்தா தானாகப் பணம் பிடிக்கிறது என்று பாருங்கள், வேண்டாததை நீக்குங்கள். இரண்டு, உங்கள் கைக்குத் தெரிந்த தொழில் நுணுக்கம் ஒன்றை இரண்டே நிமிடம் படமெடுங்கள். யானையின் தும்பிக்கை நீளமென்று சொல்ல ஒருவருக்குப் பத்தொன்பது விநாடி போதுமானதாக இருந்தது. உழைக்கும் கையின் பெருமையைச் சொல்ல நமக்கு இரண்டு நிமிடம் போதாதா?